பெயிண்ட் மாமியும் என் அடுப்படித் திராட்சையும்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் எதிர்வீட்டு பெயிண்ட் மாமியின் கண்ணில் பட்ட எந்தப் பொருளும் பிறந்த நிறத்தோடு போய்ச் சேர்ந்ததில்லை. கேஸ் சிலிண்டருக்கு ரோஸ் அடித்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க மறுத்த கேஸ்காரரிடம் "உள்ள இருக்குறது கேஸ்தானே தம்பி?" என்று சண்டை போட்டவர். பெயிண்ட் காயாத அவர் வீட்டு கேட்டில் ஓர் ஆடு உரசி, விலாவில் நீலக்கோடுகளோடு திரிந்தது. ஆட்டுக்காரி வந்து கத்தினாள். மாமி ஆட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் விட்டுப்போச்சே" என்றார்.

அப்பேர்ப்பட்டவரைத் தேடிப்போய் என் அடுப்படியை ஒப்படைத்த புத்திசாலி நான்.

அங்கே சுவர் முழுக்கப் பீங்கான் டைல்ஸ். சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் வீடியோ காலில் பார்த்து வாங்கியது. இருண்ட காப்பி நிறம், நடுநடுவே திராட்சைக் கொத்து. சமைக்கும்போதெல்லாம் ஆட்டுப் புழுக்கைதான் நினைவுக்கு வரும். ஆசையாக வாங்கியிருக்கிறாரே என்று வாய் திறக்கவில்லை. லீவில் வரப்போகிறார் என்றதும், பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டு 'சர்ப்ரைஸ்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன்.

"டைல்ஸ்ல பெயிண்ட் ஒட்டுமா மாமி?"

"ஒன் மூஞ்சில பவுடர் ஒட்டலையா?"

எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, அதன்மேல் வெள்ளை அடித்தோம். அதாவது, மாமி அடித்தார். நான் நெயில் பாலிஷ் போய்விட்டதென்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு வாரத்துக்கு அடுப்பப் பத்த வைக்காத புள்ள. நல்லா இறுகணும்" என்றார் மாமி.

"சரி மாமி" என்றேன். என் வாயில் சுலபமாக வரும் சொல் அது.

இரண்டு நாள்கூட ஆகவில்லை, போன் வந்தது. டிக்கெட் முன்னாடியே கிடைத்துவிட்டதாம், காலையில் வந்துவிடுவாராம். அவ்வளவு தூரம் தாண்டி வருகிறவருக்குக் கடைப் பரோட்டாவா? பிரியாணிக்குத் தம் போட்டேன். ஆவி ஏற ஏறச் சுவரில் கொப்புளம் கிளம்பியது. பதறி ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளை, மரவள்ளித் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது. திராட்சைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

பெட்டியோடு அவர் உள்ளே வரவும், கார் சத்தம் கேட்டு மாமி ஓடி வரவும் சரியாக இருந்தது. மாமி சுவரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நாந்தான் அடிச்சேன். அது பாவம், வேணாம் வேணாம்னுச்சு."

நான் மறுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வேண்டாம் என்று சொன்னவளின் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இந்தத் திராட்சைய நான் வேணாம்னுல்ல சொன்னேன்! நெட்டு விட்டு விட்டு வந்துச்சு, கடைக்காரன் காதுல 'வேணும்'னு வுழுந்துருச்சு. வூட்டுல ஒட்டுனப்புறம், சரி, ஒனக்குப் புடிச்சிருக்கு போலன்னு நானும் விட்டுட்டேன்."

"அல்லாவே! ரெண்டு பேருக்கும் புடிக்காததுக்கா இத்தன மரியாத?" என்று மாமி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"மச்சான், நாந்தான் மாமியக் கூப்புட்டேன்" என்று முணுமுணுத்தேன்.

"தெரியுது. ஒன் மூஞ்சியே சொல்லுது."

அந்த லீவில் முதல் வேலையாக மூவரும் உப்புத்தாள் பிடித்தோம். சுவர் இறுகும்வரை மாமி வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. இன்றுவரை உரியவில்லை.

மாமி இப்போது அரியலூரில் மகளோடு இருக்கிறார். வாடகை வீடு. சுவர், கதவு எதிலும் கை வைக்கக் கூடாதென்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பு. "பொழுதே போவல புள்ள" என்றார் போனில்.

போன வாரம் ஒரு டப்பா பச்சைப் பெயிண்டையும் ஒரு மர ஸ்டூலையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "கலரே போயிருச்சு மாமி, நீங்கதான் பாத்துக் குடுக்கணும்" என்று நீட்டினேன்.

ஸ்டூல் புதுசு.