ஒரு ஹெட்லைட் பல்புக்காக ஓடிய சம்பந்திக்கு

நாரணாபுரம்.

சம்பந்தியாகவிருந்த, இன்னும் ஆகக்கூடிய, காரியாபட்டி சங்கிலிமுத்து அண்ணாச்சி அவர்களுக்கு, பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற காசிராஜன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் முழு உடம்போடு இருக்கிறோம். அங்கு தாங்களும் துணைவியாரும் மூச்சு வாங்கி முடித்திருப்பீர்கள் என நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

எல்லாம் கீர்த்திகாவின் ஸ்கூட்டரால் வந்தது. மகளுக்குச் சொந்த வண்டி உண்டு என்று தரகரிடம் நான் அளந்துவிட்டிருக்க, நீங்கள் பெண் பார்க்க வரும் அன்று பார்த்து பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜர் வாங்கக் கிளம்பினேன். "சார்ஜர் எதுக்குப்பா? என் பழைய லேப்டாப் அடாப்டரு போதும். நடுவுல ஒரு ஹெட்லைட் பல்ப மாட்டுனா கரண்டு அம்புட்டும் ஒரேயடியா பேட்டரிக்குள்ள பாயாது" என்று அவளே ஹால் மூலையில் மாட்டிவிட்டாள். பல்பு ஜோராக எரிந்தது. நான் சும்மா இருப்பேனா? பக்கத்தில் மணல் வாளி, தண்ணீர் வாளி, வாசலில் கம்பெனியில் வைப்பதுபோல் ஒரு செப்புத் தகடு. உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்றுதான் உங்களை அதைத் தொட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னேன். தங்கள் துணைவியார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் கேசரியை வாயில் போட்ட நேரம், என் மனைவி ஞானசுந்தரி பல்பு எரிவதைப் பார்த்துத் தீ என்று நினைத்துவிட்டாள். ஒரு செம்புத் தண்ணீர். டப்! நான் பழக்கதோஷத்தில் "ஓடுங்கலே!" என்று கத்திக்கொண்டு தெருவில் பாய்ந்தேன். எங்கள் ஊரில் போர்மேன் ஓடினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டுப் பத்திரகாளி குழம்புச் சட்டியோடு ஓடினாள், தெருவே ஓடியது, கேசரித் தட்டோடு நீங்களும் ஓடினீர்கள். கண்மாய்க் கரையில் நிறுத்தித் தலையெண்ணுவதற்குள் உங்கள் வேன் டிரைவர் உங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார். "எரியுறதக் கண்டா தண்ணிய ஊத்தச் சொல்லிக் குடுத்தது நீங்கதான?" என்கிறாள் ஞானசுந்தரி.

திரும்பி வந்தால், மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார் ஓடாமல் ஹால் மூலையில் கீர்த்திகாவோடு உட்கார்ந்து, உடைந்ததைக் கழற்றிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து புது ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருபவர் பையில் பல்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பது முறையல்லவே.

எனக்கு ஒரே மகள், அண்ணாச்சி. இந்தச் சம்பந்தம் விட்டுப்போனால் தாங்கமாட்டேன். அடியேனின் மடத்தனத்தை மன்னித்து, கேசரித் தட்டோடு மறுபடி வரவேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறுசுகளுக்கு ஆசியும்.

தாழ்மையுள்ள,
காசிராஜன்

பின்குறிப்பு: பொறுக்கமாட்டாமல் பல்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன். பல்பு மாட்டும் யோசனையே போனில் உங்கள் மகன் சொன்னதாம். கல்லூரியிலிருந்தே இருவருக்கும் பழக்கமாம். தரகரை அனுப்பியதும் அவர்கள்தானாம்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன், இனி நீங்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும். பேட்டரி ஏறிவிட்டது. இக்கடிதத்தைக் கொண்டு வருவது கீர்த்திகா. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. தயவுசெய்து இந்தத் தடவை ஓடாதீர்கள்.