ஒரே மேஜைக்கு ஏழு எர்த்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம், சிட்டும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ என்னை அனுப்பிய காரியம் முடிந்துவிட்டது. "எப்படியாவது பேசிப் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றாய். நான் வாயே திறக்கவில்லை, என் மகள் தானாகவே வருகிறாள். நாளை வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சுத்தமான பதிவைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். பதிவு வராது. ஏன் வராது என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். மாமாவுக்குப் படித்துக் காட்டாதே.

சிட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதுவரை "மருந்து சம்பந்தமா ஏதோ" என்று சொல்லி வந்தோமே, அது தப்பு. அவள் வாசல் பார்க்கிறாள். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறதாம். சோடியம், பொட்டாசியம் என்று மின்சாரம் ஏறிய துகள்கள் அந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. அதனால் சவ்வில் புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு. ஒரு வகை, திறந்தால் போதும், கூட்டம் தானாகப் பாயும், நொடிக்குக் கோடிக்கணக்கில். இன்னொரு வகை நிதானம். உள்பக்கம் திறந்தால் வெளிப்பக்கம் மூடியிருக்கும், இரண்டும் ஒருசேரத் திறக்கவே திறக்காது. அதில் ஒரு வாசல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு அதற்குக் கூலியும் கேட்குமாம். நாம் சாப்பிடுவதில் கணிசமான பங்கு இந்தக் கூலிக்கே போகிறதாம். இனி மாமாவின் தட்டைப் பார்த்து நீ எதுவும் பேசக் கூடாது.

நான் சும்மா இருப்பேனா. பொட்டாசிய வாசலில் சோடியம் நுழைய முடியாது என்றாள், சோடியம்தான் அளவில் சின்னது என்றும் சொன்னாள். "பெரியவன் போற வழியில சின்னவன் போக முடியாதா, என்னம்மா நியாயம் இது?" என்று கேட்டேன்.

"அப்பா, ரெண்டும் தண்ணியைப் போத்திக்கிட்டுத்தான் வரும். உள்ள போகணும்னா போர்வையைக் கழட்டணும். கழட்டினா வாசல் சுவத்துல இருக்குற ஆக்சிஜன் எல்லாம் சேந்து அணைச்சுக்கணும். பொட்டாசியத்துக்கு அந்த அளவு கச்சிதமா இருக்கு. சோடியம் சின்னதுப்பா, அணைப்பு எட்டாது. அதனால போர்வையோடயே வெளிய நின்னுக்கும்."

எனக்கு ஏனோ சோடியத்தின் மேல் இரக்கம் வந்துவிட்டது.

முதல் நாள் என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரு தவளை முட்டையின் சவ்வில் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழலை ஒட்டவைத்து, ஒரே ஒரு வாசல் திறக்கும்போது ஓடுகிற மின்சாரத்தை அளக்கிறாள். இரண்டு மணி நேரம் பாடுபட்டு ஒட்டவைத்தாள், நான் தும்மினேன், பிய்ந்துவிட்டது. மறுநாள் வெளியே உட்காரவைத்தாள். உபகாரமாக இருக்கட்டுமே என்று அவள் செய்துவைத்திருந்த நாற்பது குழல்களையும் பொறுக்கி, யாருக்கும் குத்தக் கூடாதென்று முனை கீழே இருக்கும்படி ஒரு கோப்பையில் நிறுத்திவைத்தேன். நாற்பது முனையும் போச்சு. "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்பதும் செய்தாள், அக்கா. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் பதிவு வராததற்கு என் தும்மல் காரணமில்லை. நான்கு மாதமாகத் திரையில் ஒரு மின்சார முனகல். கோடு நடுங்கிக்கொண்டே இருப்பதால் வாசல் திறந்ததா மூடியதா என்று தெரிவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் வயரிங் பார்த்தவன் நான். முதல் நாளே மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரே மேஜைக்கு ஏழு எர்த்து. இரைச்சல் வரும்போதெல்லாம் அதைத் தரைக்கு இறக்கிவிட முன்னால் இருந்த மாணவர்கள் ஆளுக்கொரு வயரைக் கொண்டுபோய் ஆளுக்கொரு மூலையில் பூட்டிவிட்டுப் படிப்பு முடித்துப் போயிருக்கிறார்கள். அந்த ஏழும் ஒன்றோடொன்று சுற்றாகி, கட்டிடத்தில் இருக்கிற முனகலை எல்லாம் மேஜைக்கு இழுத்து வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்து அங்கிருந்து ஒரே வயர் விட வேண்டும். பத்து நிமிஷ வேலை.

நான் சொல்லவில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அவள் அம்மா போனதிலிருந்து காலையில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு வருஷம் வந்து இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம். சாவி உன்னிடம்தானே இருக்கிறது, மாடி அறையைத் திறந்து காற்றாட விடு. மாமாவுக்கு என் வணக்கம். உன் பேரப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், நீ படியில் பார்த்து ஏற வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. மாடி அறையைத் திறக்காதே.

கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். கருவியை அணைக்கப் போனவள் அந்த முட்டையைப் பார்த்து, "நீ சரியாத்தான் இருந்த, எனக்குத்தான் கேக்கல" என்றாள். தவளை முட்டையிடம் மன்னிப்புக் கேட்கிற பிள்ளையைப் பெற்றுவிட்டு நான் என்ன செய்வேன். மேஜைக்கு அடியில் புகுந்தேன். வெளியே வந்தபோது திரையில் கோடு நேராகப் படுத்திருந்தது. பிறகு ஒரு படி ஏறியது, கொஞ்சம் நின்றது, இறங்கியது. ஒரே ஒரு வாசல், அக்கா, திறந்து மூடியது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "முதல் நாளே தெரியும்மா, வேணும்னுதான் சொல்லல" என்று சொல்லிவிட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எதையோ பாத்துட்டு வாயை மூடிக்கிட்டீங்கன்னு எனக்கும் அன்னிக்கே தெரியும்பா. கேட்டா உடனே சொல்லிடுவீங்க. சொல்லிட்டு அந்த வீட்டுல தனியாப் போய் உக்காந்துக்குவீங்க. அதான் கேக்கல."