என் கைக்குள் ஹாசியத்தின் பட்டு

மர்கிலான், ஏப்ரல் நாலாம் தேதி

என் மூத்த பேத்தி மோஹிராவுக்கு, பாட்டி ஓய்நிசா இடது கையால் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், மாடும் நலம். தாஷ்கண்டில் உன் ஆய்வுக்கூடத்துப் பெரியவர்களுக்கும் உன் கண்ணாடிக் குடுவைகளுக்கும் என் சலாம்.

என் கை வெட்டுப்பட்ட அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு ஒருவரும் மழுப்பக்கூடாது. உன் அப்பா ஓபித், உன் அம்மா கும்ரி, அண்டா இரவல் கேட்க வந்து விருந்து முடியும்வரை நகராத பக்கத்து வீட்டு ரிசோலத், யாரைத் தொட்டிலில் இட அந்த விருந்தோ அந்த உன் தம்பி மகன், நான், அப்புறம் என் ஓரகத்தி ஹாசியத். தேநீர்க் கிண்ணங்களை அடுக்கியது அவள்தான். விரிசல் விட்ட கிண்ணத்தை விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், கொடுக்கவில்லை. எறியவும் மனசு வராமல் அடுக்கின் நடுவே செருகி வைத்தாள். நான் கழுவ எடுத்தேன், அது என் கையில் இரண்டாகி மணிக்கட்டுக்குள் இறங்கியது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் அன்றைக்குச் செத்தவை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். அறுந்த நரம்பின் இரண்டு முனைக்கும் நடுவில் பட்டுக் குழாய் வைக்கலாம் என்றாய். அதில் விதைக்க என் வயிற்றிலிருந்து ஒரு சிட்டிகைக் கொழுப்பை எடுத்துப் போய் அதிலுள்ள உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்தாய். அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, இதமான சூடு, பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது. இந்த வீட்டில் ஐம்பத்திரண்டு வருஷமாக எனக்கு நடக்காத உபசாரம். நரம்பு பட்டைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நடக்கும், நூற்றிருபது நாளில் கட்டைவிரல் நுனிக்கு வந்துவிடும் என்றார் டாக்டர். நாளுக்கு ஒரு மில்லிமீட்டரா! என் புழுக்கள் ஒரு மாதத்தில் பிறந்து, நாலு தூக்கம் தூங்கி எழுந்து, கூடும் கட்டி முடித்துவிடும். சரி, பட்டு என்றால் எனக்குத் தெரியாதா என்று, புழு முட்டையைப் பொரிக்க வைப்பதுபோல் கையைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டேன். வெங்காய வாடை பட்டுப்புழுவுக்கு ஆகாது, அதனால் வீட்டில் வெங்காயம் தாளிக்கக்கூடாது என்றேன். உன் அப்பா நாலு மாதம் வெங்காயம் இல்லாத புலாவ் தின்று ரிசோலத் வீட்டுக்குச் சாப்பிடப் போக ஆரம்பித்தான்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஹாசியத் காது வைத்திருப்பாள். அதனால்தான் கடிதம். மோஹிரா, அறிக்கையில் பாட்டிக்கு உணர்ச்சி வந்துவிட்டது என்று எழுதாதே. வரவில்லை. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டபோது ஒரு கண்ணை நூலளவு திறந்து பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். குழாய் தோற்றால் வேலையை விட்டு வந்துவிடுவேன் என்று கும்ரியிடம் நீ சொன்னதைக் கேட்டிருந்தேன், என்னால் பொறுக்கவில்லை. குழாய் வைத்து இன்றோடு நூற்று ஐம்பத்திரண்டு நாள். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கக்கூட உன் அம்மாவைக் கூப்பிடுகிறேன்.

ஏன் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். போன வாரம் ஹாசியத் வந்து உட்கார்ந்து, அந்தக் குழாய்க்கு நீ கூடு வாங்கிப் போனது என்னிடம் இல்லை, அவளிடம் என்று பெருமையடித்தாள். "என் புழு நூத்த பட்டுதான்டி உன் கைக்குள்ள ஓடுது. இனிமேலாவது எங்கிட்ட மரியாதையா நட" என்றாள்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், என் புழுக்கள் கூடு கட்ட ஏறிய நாளில், ஜன்னலைத் திறந்து வைத்து வெங்காயம் வதக்கினவள் இவள். பாதிப் புழு கட்டவே இல்லை. அவள் வீட்டுப் பட்டைப் பிடித்துக்கொண்டு என் நரம்பு எப்படியம்மா நடக்கும்? அதற்கும் ரோஷம் இருக்காதா? குற்றம் உன் படிப்பில் இல்லை, நீ கூடு வாங்கின வாசலில் இருக்கிறது. வேலையை விடாதே. இன்னொரு குழாய் செய், இந்த மாதம் நான் வளர்க்கப்போகும் புழுவின் பட்டில் செய், மறு கையையும் வேண்டுமானால் வெட்டிக்கொள்கிறேன்.

உன் ரொட்டி ஆறாமலும் உன் குடுவையில் உயிர் வாடாமலும் இருக்கட்டும். இப்படிக்கு, பொய் சொன்ன உன் பாட்டி ஓய்நிசா.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், திரும்பக் கிழித்தேன். ஹாசியத் வந்தாள். என் வீட்டில், என் கெண்டியிலிருந்து, எனக்குத் தேநீர் ஊற்றினாள், விளிம்புவரை. பாதிக் கிண்ணம் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். என் வீட்டிலிருந்து நான் எங்கே போவது? வந்த கோபத்தில் இடது கையை மறந்து வலது கையால் வாங்கிவிட்டேன்.

"சுடுது" என்றேன்.

"சுடத்தான் செய்யும். இப்பதானே கொதிச்சுது" என்றாள். அப்புறம் அவளுக்கும் உறைத்தது. "எந்த விரல்டி?"

கட்டைவிரல். கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொன்னேன், இந்தத் தடவை நிஜமாகவே மூடினேன். நாலு தரம் தொட்டாள், நாலும் சொன்னேன். ஐந்தாவது தரம் தொடாமலே "தொட்டுட்டேன்" என்றாள். "பொய், அக்கா" என்றேன். அவள் என் விரலைப் பிடித்து வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதும் தெரிந்தது. அவள் கையெல்லாம் வெங்காய வாடை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, அறிக்கையில் கட்டைவிரலை மட்டும் எழுது. மற்ற இரண்டும் இன்னும் தூங்குகின்றன. நாளைக்கும் வந்து நிறைய ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மறு கையை வெட்ட வேண்டாம். உடைந்த கிண்ணத்தை மன்னித்தாயிற்று, நிறைந்த கிண்ணத்தையும் மன்னித்தாயிற்று. அந்த ஜன்னலைத் திறந்து வைத்தவளை மட்டும் மன்னிக்க மாட்டேன், அவள் பட்டு என் கைக்குள் இருந்தாலும் சரி: ஹாசியத்தை.