வெள்ளிக்கிழமை, 0 h 40

"முனிவேலு, பிரெஞ்சுக்காரரை ஏத்திட்டியா?" என்று கம்பெனி சூப்பர்வைசர் ஆனந்த் சார் போனில் கேட்டபோது, முனிவேல் மூக்கண்டப்பள்ளி வீட்டில் கால்நீட்டி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே சார்? சனிக்கிழம சாயங்காலம் நாலு பத்து."

மறுமுனையில் ஆனந்த் சார் வெடித்தார்.

"யோவ்! வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னெண்டு நாப்பதுக்கு ஏறுறாருன்னா, நேத்து ராத்திரிய்யா அது! வியாழன் முடிஞ்சதும் வெள்ளி பொறந்துடும்ல? மனுசன் இன்னிக்கு நாலு பத்துக்கே பெங்களூர்ல எறங்கிருப்பான். இப்ப மணி அஞ்சு!"

முனிவேல் கத்தரியைப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார்.

கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து புது மெஷின் வந்திருந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க பாஸ்கல் என்ற ஃபிட்டர் வருகிறார். அவர் போடும் வேலை அட்டவணை எல்லாம் பிரெஞ்சு மணிக்கணக்கில் இருக்கும் என்பதால், கிருஷ்ணகிரியிலிருந்து சபீஹா என்ற டீச்சரை வரவழைத்துக் கேன்டீனில் வகுப்பு நடத்தினார்கள். முப்பத்தெட்டு வயதில் இரவுப் பள்ளியில் 'அ' எழுதிப் பழகிய முனிவேல்தான் அதில் முதல். மனைவி பொற்கொடி "எப்பச் சாப்புடுவ?" என்று கேட்டால், "வேன் யோர்!" என்பார்.

"எட்டு மணின்னு சொன்னா சோறு எறங்காதாக்கும்?" என்பாள் அவள்.

அந்தப் பெருமையில்தான் ஆனந்த் சார் பாஸ்கலின் பயணத் தாளை இவர் கையில் கொடுத்தார். "ஒழுங்கா கூட்டிட்டு வந்து சேத்துடு. இந்தத் தடவ பெர்மனென்ட் ஆகறவங்கள்ல உன் பேரும் இருக்கும்." பதினோரு வருடக் காண்ட்ராக்ட் உடம்பு அந்தச் சொல்லில் சிலிர்த்துப் போனது.

தாளில் மணியை அவர் தப்பாகப் படிக்கவில்லை. விமானம் கிளம்பும் 0 h 40 என்றால் ராத்திரி பன்னிரண்டு நாற்பது, பெங்களூரில் இறங்கும் 16 h 10 என்றால் சாயங்காலம் நாலு பத்து. கிழமையில்தான் கோளாறு. கம்பெனியில் தேதி மாறுவது காலை ஆறு மணிக்கு. வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் என்றால் விடிகிறவரை வெள்ளிதான். வருகைக் கணக்கும் அப்படி, சம்பளமும் அப்படி. பதினோரு வருடமாக அந்த நாட்காட்டியில் வாழ்கிறவருக்கு வேறெப்படித் தோன்றும்?

நசருல்லாவின் டாக்சியில் ஆனந்த் சார் முன்னால் ஏறினார், முனிவேல் பின்னால் ஒடுங்கினார்.

"அவருக்கு ஒரு மெசேஜாவது போடுய்யா. உனக்குத்தான பிரெஞ்சு தெரியும்?"

"மணி மட்டுந்தான் சார் தெரியும்."

"அதையாவது போடு!"

முனிவேல் '19 h' என்று அனுப்பினார். ஏழு மணிக்கு வந்துவிடுவோம் என்று அர்த்தம்.

அத்திப்பள்ளியில் லாரிகள் மூன்று வரிசையில் நின்றன. '20 h' அனுப்பினார்.

"நான் சந்துல பூந்து போயிடறேன், கவலப்படாதீங்க" என்று நசருல்லா வண்டியை ஒடித்தார். சந்துக்குள் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை குதிரைமேல் இருந்தார். குதிரை நகர மறுத்தது.

'21 h.'

"ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு சார். பாத்துட்டாரு. பதில் இல்ல."

"எப்படிப் போடுவான்? வேற நாட்டுல அனாதையா நிக்கறான். நீ ஏலம் விடற மாதிரி மணிய ஏத்திட்டே போற!"

அவசரத்தில் குறைத்துச் சொன்னால் ஆறுதலாக இருக்குமே என்று முனிவேல் '20 h 30' அனுப்பினார். உடனே மனசாட்சி உறுத்த, '21 h 15' என்றும் அனுப்பினார்.

பொற்கொடி போன் செய்தாள். "ஒரு மன்னிப்பு கேட்டுடு. பெரிய மனுசன் எறங்கி வருவான்."

"மன்னிப்புக்கு எத்தன மணின்னு எனக்குத் தெரியாதுடி."

பாஸ்கல் தங்கப்போகும் ஓட்டலில் கம்பெனி மேனேஜர் மாலையோடு காத்திருப்பதாக ஆனந்த் சாருக்கு மூன்றாவது அழைப்பு. போனை வைத்துவிட்டு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முனிவேலு, தப்பா நெனைக்காத. பெர்மனென்ட்ட மறந்துடு. இனி உனக்காக என்னால மேல பேச முடியாது."

"சரிங்க சார்." ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத் தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. இந்த வயதில் எழுத்துக் கற்றது போதாதென்று மணியும் கற்கப் போனோமே என்று நினைத்துக்கொண்டார். சும்மா இருந்திருந்தால் யாரும் தாளைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்போது போன் துடித்தது. பாஸ்கலிடமிருந்து நீளமாக ஒரு பதில். ஒரு எண்கூட இல்லை, எல்லாம் எழுத்து.

"திட்டியிருக்காரு சார். இவ்வளவு நீளத்துக்கு வேற என்ன இருக்கும்?"

சபீஹாவுக்கு அனுப்பினார். உடனே அவள் அழைத்தாள். ஆனந்த் சார் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட் பக்கத்துல வந்துட்டோம் மேடம். அவரு எந்த வாசல்ல நிக்கறாராம்?"

"வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்கண்ணா. அவரு இன்னும் பிரான்சுல வீட்டுல நின்னு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்காராம்." சபீஹாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "'முப்பது வருசமா நைட் ஷிஃப்ட் பாத்தவன் நான், வெள்ளிக்கிழம பன்னெண்டு நாப்பது ஃப்ளைட்டுன்னா இன்னிக்கு ராத்திரிதானே, அதுக்குள்ள யாருய்யா எனக்கு மணி மணியா அனுப்பி அவசரப்படுத்தறது?'ன்னு கேக்கறாரு."