பக்கிரி வீட்டு மாடியில் நான் சார் ஆன கதை

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளக் கிளம்பினால், அடி பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் விழும். என் விஷயத்தில் எனக்கே விழுந்தது. அதுவும் நெற்றியில்.

எல்லாம் கைப்பேசியில் பார்த்த ஒரு பேச்சால் வந்தது. நம்மை மேலே தூக்கிவிடும் நண்பர்களை வைத்துக்கொள்ள வேண்டுமாம், மற்றவர்களைக் கழற்றிவிட வேண்டுமாம். (பேசியவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள். ஒன்றையும் யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.) உடனே என் நண்பர்களைத் தரம் பிரிக்க உட்கார்ந்தேன். பிரிப்பதற்கு இருந்தவன் ஒரே ஒருவன்தான். பக்கிரிசாமி.

பக்கிரி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அம்மையார் கோயில் பக்கத்து வீதியில் மிக்சி, மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி. அலுவலகம் விட்டுக் கோவில்பத்தில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது என் ஸ்கூட்டர் தானாக அவன் கடை வாசலில் நின்றுவிடும். டீ, சமோசா, ஊர் வம்பு. இத்தனை வருட நட்பில் நான் கண்ட வளர்ச்சியை என் பெல்ட்டின் கடைசி ஓட்டையைக் கேட்டால் தெரியும்.

சொல்லாமல் விலகுவது நாகரிகமில்லை என்று நேரில் போய்ச் சொன்னேன். பக்கிரி ஒரு மிக்சியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

"இனிமே சாயங்காலம் வர மாட்டேன்டா. கொஞ்சம் வளரலாம்னு இருக்கேன்."

அவன் நிமிரக்கூட இல்லை. "வளர்ந்துட்டு வா. டீ சொல்லி வைக்கிறேன்."

நான் போய்ச் சேர்ந்தது கடற்கரையில் காலையில் நடக்கும் ஒரு குழுவில். தலைவர் ஞானசேகரன் சார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓய்வுபெற்ற அதிகாரி. அங்கே எல்லோரும் சார்தான். அடுத்தவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி, ஆகவே எல்லோரும் தங்களைப் பற்றியே பேசினார்கள். நான் கேட்டேன். கேட்பதும் வளர்ச்சிதான் என்று ஞானசேகரன் சார் என்னைப் பாராட்டினார். (என் பெயர் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.) டீக்குப் பதில் அருகம்புல் சாறு. குடித்துவிட்டு வரும்போதெல்லாம் மேய்ந்துவிட்டு வருகிற உணர்வு.

அந்தச் சமயத்தில் மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் சப்பரம் வீதியில் வரும்போது இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழம் இறைப்பார்கள், கீழே இருப்பவர்கள் அள்ளுவார்கள். எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஞானசேகரன் சாருக்கு அது முதல் மாங்கனி. எங்கிருந்து பார்த்தால் வசதி என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து வந்துவிட்டது. குழுவே திரும்பி என் முகத்தைப் பார்த்தது, முதன்முறையாக.

"நம்ம மாடி இருக்கே சார்" என்றது என் வாய்.

என் மாடி கோவில்பத்தில் இருக்கிறது. அங்கே நின்றால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

பக்கிரியிடம் போனேன். மாடி வேண்டும் என்றேன். சரி என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அந்த ஒரு நாள் மட்டும் என்னை வாடா போடா என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

முதல் தடவையாக ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். "வேற எப்புடிக் கூப்புடணும்?"

"சார்னு சொல்லேன்."

"சரிங்க சார்."

வீட்டில் என் மனைவி தேன்மொழியிடம் இதைச் சொன்னேன். "அவரு உங்கள இனி வாடா போடான்னு கூப்புடலன்னா நீங்க யாருகிட்டங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள். எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

திருவிழா அன்று பக்கிரி சொன்ன சொல் தவறவில்லை. மாடியில் பந்தல் போட்டிருந்தான், அண்டா நிறைய நீர்மோர் வைத்திருந்தான். "மோர் எடுத்துக்குங்க சார்", "வெயில்ல நிக்காதீங்க சார்" என்று ஒவ்வொரு சாராக என் மேல் வைத்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் பெண்டாட்டி சரோஜா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போய் வந்தாள்.

சப்பரம் நெருங்கியது. மாம்பழங்கள் பறக்க ஆரம்பித்தன. எறிவதற்குச் செங்காய்தான் தோது, கனிந்தது என்றால் கீழே இருப்பவர் சட்டை போய்விடும். ஆகவே பறந்தவை எல்லாம் கல் மாதிரி. எதிர் மாடியில் ஒரு கூட்டம் சப்பரத்தைத் தாண்டி எங்கள் பக்கமே வீசிக்கொண்டிருந்தது. ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரைவிட்டுத் தள்ளி நின்றோம்.

ஞானசேகரன் சாருக்கு அது பிடிக்கவில்லை. அச்சம்தான் வளர்ச்சிக்குத் தடை என்றார். வருவதைத் திறந்த மனதோடு ஏற்க வேண்டும் என்றார். செய்து காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுவரோரமாக என்னை நிறுத்தி, கண்களை மூடச் சொல்லி, கைகளை விரிக்கச் சொன்னார். ஊரிலேயே பிறந்து, நாற்பது மாங்கனி பார்த்தவன், எதிர் மாடியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். (இதற்கு மேல் ஒருவன் வளர முடியாது.)

அப்போது பக்கிரியின் குரல் கேட்டது.

"சார், குனிங்க சார்!"

மாடியில் இருந்த எல்லா சார்களும் குனிந்தார்கள். ஒருவன் மட்டும் குனியவில்லை. பக்கிரி வாயால் சார் என்றால் அது நான்தான் என்று என் உடம்புக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

செங்காய் நெற்றியில் வந்து இறங்கியது. பின்னால் சாய்ந்தேன். மோர் அண்டா என்னை உட்கார்ந்த வாக்கில் ஏற்றுக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது ஞானசேகரன் சார் என் மேல் குனிந்திருந்தார். விசாரிக்கிறார் என்று நினைத்தேன். என் மடியில் கிடந்த மாம்பழத்தைப் பிரசாதம் என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வலி ஒரு பாடம் என்றார். பிறகு குழு சப்பரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

அண்டாவிலிருந்து என்னைப் பிடுங்கி எடுத்தவன் பக்கிரி. நெற்றி கோலிக்குண்டு மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"டேய், நாயே, கண்ண மூடிக்கிட்டாடா நிப்ப?"

அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அடிபட்டதால் அப்படி என்று சரோஜா பயந்துபோனாள்.

அன்று மாலையே குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மறுநாள் ஸ்கூட்டர் பழைய இடத்தில் நின்றது. டீ ஏற்கெனவே வந்து ஆடை கட்டியிருந்தது.

சில மாதம் கழித்து ஞானசேகரன் சார் மிக்சி ரிப்பேருக்கென்று கடைக்கு வந்தார், ஒரு சமோசா சாப்பிட்டார், இப்போது தினமும் வருகிறார். ஊர் வம்பில் எங்களைவிட ருசி கண்டவர் அவர்தான். பெல்ட்டை விட்டுவிட்டு வேட்டிக்கு மாறிவிட்டார்.

எங்கள் வீட்டில் பரணுக்குக் கீழே நான் நடந்தால், என் மகள் படிக்கிற புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "சார், குனிங்க சார்" என்கிறாள். மாங்கனிக்கு இன்றும் பக்கிரி வீட்டு மாடிதான். படி ஏறியதும் ஆணியில் ஒரு பழைய ஹெல்மெட் தொங்கும். முன்பக்கம் சிவப்பு பெயிண்டில் 'சார்' என்று எழுதி வைத்திருக்கிறான். அதை மாட்டிக்கொண்டால்தான் எனக்கு மோர்.