காற்றுக்கு வழி விட்ட பாய்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என் மகளே "அப்பா, இது தமிழா?" என்று கேட்டிருக்கிறாள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த 'ர' எங்கே வரும் என்பது இன்றுவரை குத்துமதிப்புதான். பிழைகளைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நானே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்தச் சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லும்போது நான் தண்ணீரில் விழுகிறேன். நான் விழவில்லை. (விழுந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.)

கூச்சப்படுகிறவன் வாயில் "தெரியாது" என்ற சொல் லேசில் வராது. திகனயில் லொறித் தறப்பாள் தைக்கிற கடை என்னுடையது. திருவிழா வந்தால் வீதிக்குக் குறுக்கே கட்டுகிற துணிப் பெனரும் தைப்பேன். ஒருநாள் சிவபாதம் ஐயா கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, பாய்க்கப்பலுக்குப் பாய் தைப்பீரோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க ஐயா" என்று வந்தது.

திருகோணமலையில் ஒரு பழைய பாய்க்கப்பலை வாங்கி, லொறியில் ஏற்றி, விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு வந்திருந்தார் அவர். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், தேத்தண்ணி வைக்கலாம். ஒரு காலத்தில் கடல் கடலாகச் சுற்றியதாம். அதன் பாய்களை மட்டும் எலி தின்றுவிட்டது. ஐயாவின் மனைவி ஓய்வு பெற்ற ரீச்சர். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை தன்னையும் ஏற்றிக்கொண்டு அந்தப் படகு அக்கரைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

"என்ரை கப்பல் இப்ப உம்மடை கையிலைதான்" என்றார் ஐயா.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

துணி பார்க்கக் கண்டிக்குப் போனோம். பாய்த்துணி இழுபடக் கூடாது, காற்றை ஊடே விடக் கூடாது என்று ஐயா போனில் படித்து வைத்திருந்தார். கடைப் பெண் "பிளவுசுக்கா, சன்னல் கேட்டனுக்கா?" என்று கேட்டாள். ஐயா துணியை வாயில் வைத்து ஊதினார். காற்று வருகிறதா என்று மறுபக்கம் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இப்படி ஒவ்வொரு துணியாக ஊதிக்கொண்டு போனோம். கடையில் வேறு யாரும் துணி வாங்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள். கடைசியில் கொழும்பில் சொல்லி அசல் பாய்த்துணியே எடுப்பித்தோம். வெள்ளை நிறம், மொரமொரப்பு. ஐயா முகம் சிவக்க ஊதியும் என் கன்னத்தில் ஒன்றும் படவில்லை.

எலி தின்ற பாய்களை விரித்து அளவெடுத்தேன். கடை போதாமல் பாதி வீதியில் கிடந்தது. ஓட்டோக்காரர்கள் ஏசிக்கொண்டே சுற்றிப் போனார்கள். பெரிய பாய் ஒன்று, முன்னால் கட்டுகிற சின்னப் பாய் ஒன்று. மூலைக்கு வளையம், ஓரத்துக்குக் கயிறு. நன்றாகத்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரம் ஆடிக் காற்று கிளம்பியது. கடைக்கூரைத் தகரம் தடதடத்தது. பெனர் தைக்கிறவனுக்குக் காற்றுதான் எமன். அதனால்தான் துணியில் அங்கங்கே அரை நிலா வடிவில் கீறி விடுவோம். காற்று அதன் வழியாகப் போய்விடும், துணி கிழியாது. இந்தத் துணியோ மூச்சுக்கூட விடாத சாதி. நடுத் தண்ணீரில் கிழிந்தால்? ஐயாவின் கப்பல் போய்விடும். ரீச்சர் என்னைப் பார்ப்பார். கத்தரிக்கோலை எடுத்தேன்.

இரண்டு பாயிலும் வரிசையாக அரை நிலா கீறினேன். கீறிவிட்டு அப்படியே விடவில்லை. ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல். என் மனைவி செல்வி வந்து பார்த்தாள். "நல்லாருக்குங்க, சன்னல் வச்ச மாதிரி" என்றாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பாய்களை மடித்தபடியே படகில் கோர்த்தோம். ரீச்சர் சேலைக்கு மேல் செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். நான் கரையிலேயே நிற்கலாம் என்று மெல்லப் பின்வாங்கினேன்.

"ஏறும்" என்றார் ரீச்சர். ஏறினேன். எனக்கு நீந்தத் தெரியாது. (அதையும் சொல்லவில்லை.)

கரையை விட்டுத் தள்ளிப் போனதும் ஐயா கயிற்றை இழுத்தார். பெரிய பாய் மேலே ஏறி விரிந்தது. அரை நிலாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து படபடவென்று அடித்துக்கொண்டன. படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே நின்றது.

"தம்பி, இதென்ன?"

"காத்து போறதுக்குங்க ஐயா."

"எங்கை போறதுக்கு?"

"அந்தப் பக்கம்ங்க."

ஐயா பாயை அண்ணாந்து பார்த்தார். "காத்து அந்தப் பக்கம் போகுது. நாங்கள் இஞ்சை நிக்கிறம்" என்றார். கோபமில்லை. அழுகிற குரல். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் நீந்தத் தெரிந்திருந்தால் கட்டாயம் குதித்திருப்பேன்.

"சரி, விக்கிறதுதான்" என்று ஐயா கயிற்றை விட்டார்.

"பொறுங்கோ" என்றார் ரீச்சர். "பிழையைக் கண்டுபோட்டுத் திருத்தாமல் விடுறதோ? பாயை இறக்குங்கோ." மிதவைச் சட்டையைக் கழற்றி, சேலையில் குத்தியிருந்த ஊசிப்பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் போட்டார். தோளில், இடுப்பில், கொசுவத்தில், கைக் காப்பில்! எங்கிருந்துதான் அத்தனை வந்தனவோ. சின்னப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெரிய பாயின் அரை நிலாக்களை மூடிக் குத்தினோம். "நேராகக் குத்தும், கோணுது" என்று என்னை இரண்டு முறை திருத்தினார். பிறகு ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுபடி பாயை ஏற்றியதுதான் தாமதம், படகு பாய்ந்தது. ஐயா "ஓடுதப்பா! ஓடுது!" என்று கத்தினார். அக்கரை கிட்ட வந்தது. மேலும் கிட்ட வந்தது. "நிப்பாட்டுங்கோ!" என்றார் ரீச்சர். எப்படி நிறுத்துவது என்று ஐயா இன்னும் படித்திருக்கவில்லை. சேற்றில் ஏறித் தானாக நின்றது.

மூன்று பேரும் முழங்கால் வரை சேற்றோடு தெல்தெனிய வீதிக்கு ஏறி, ரீச்சர் மிதவைச் சட்டையை மறுபடி மாட்டியிருக்க, பஸ்ஸில் வந்தோம். எங்கே வெள்ளம் என்று கண்டக்டர் சிங்களத்தில் கவலையாக விசாரித்தார். ஐயா ரீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும்தான்.

திகனயில் இறங்கும்போது ரீச்சர் சொன்னார்: "போனது சரி. வந்தது பஸ். இது பாசுமில்லை, பெயிலுமில்லை. ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டு அடுத்த ஞாயிறு திருப்பி எழுதுங்கோ."

திருப்பி எழுதினோம், பாஸ். படகு இன்னும் ஐயாவிடம்தான் இருக்கிறது. ஆனால் சுக்கான் ரீச்சர் கையில். ஐயாவுக்குக் கயிறு இழுக்க மட்டும்தான் அனுமதி. பாயில் நான் போட்ட ஒட்டுகளைக் கரையில் நிற்கிறவர்கள் எண்ணிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் விடவில்லை. மகளின் கல்யாணம் முடிந்து மருமகன் முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். என்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை. புறப்படும்போது மழை. என் புதுக் குடையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல மாமா. காத்துக்கு வழி விட்டிருக்கீங்களான்னுதான்."

செல்வி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. சரி, இனி என் வாயாலேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

திகன, பொசன் போயா, கடை பூட்டிய நாள்.