வெண்டெல் தானே போட்ட ரூம்

"சார், நீங்க ரெண்டு மாசம் லேட்டா வந்திருக்கீங்க" என்றாள் ஓட்டல் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்.

வெண்டெல் டோலப்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் நார்வேயின் பெர்கன் நகருக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தது அவருக்குத் தெரியும். இரண்டு மாதம் என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னிக்கு ஆகஸ்ட் ஆறு. நான் போட்டிருக்கறதும் ஆகஸ்ட் ஆறு. இதோ பாரும்மா" என்று போனை நீட்டினார். "எட்டு, ஆறு. தெளிவா இருக்கு."

"எட்டு ஆறுன்னா எட்டாம் தேதி, ஆறாவது மாசம் சார். ஜூன். நாங்க தேதியைத்தான் முதல்ல போடுவோம்."

"அப்படி யாராவது எழுதுவாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க அமெரிக்காதானே? உங்களைத் தவிர அனேகமா எல்லாரும் சார்."

வெண்டெலுக்குச் சுருக்கென்றது. எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதனுக்கு மாதம் எது, தேதி எது என்று பாடம் எடுக்கிறாளே.

"ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க. கூட வந்தவங்க எங்க சார்?"

"வரலை."

"அப்புறமா வருவாங்களா?"

"இல்லைம்மா" என்றார் வெண்டெல்.

வெண்டெலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மின்னசோட்டாவில் எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் கடைத்தெருவில் இருக்கும் டிராவல் ஏஜென்ட் லவோனிடம் போவார்கள். விமானம், ஓட்டல், வண்டி, குடை கொண்டு போகலாமா என்பது வரைக்கும் அவள் பார்த்துக்கொள்வாள். வெண்டெல் மட்டும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது அவர் பேச்சு எப்போதும் இதுதான்.

"ஏஜென்ட்கிட்ட போறதும், நம்ம கல்யாணத்துக்கு வேற ஒருத்தனை மாப்பிள்ளையா அனுப்பறதும் ஒண்ணுதான். நான் போடற ரூம் எதுவாவது தப்பியிருக்கா? நீயே சொல்லு ஆர்டிஸ்."

உண்மையில் தப்பியதே இல்லை. பாரிஸில் கேட்காமலே ஆற்றைப் பார்த்த அறையாக மாற்றிக் கொடுத்தார்கள். எடின்பரோவில் ஒரு ஆளே வந்து, "உங்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு அழைத்துப் போனார். "ஆளைப் பார்த்தாலே அவங்களுக்குத் தெரியுது" என்பார் வெண்டெல். அவர் மனைவி ஆர்டிஸ் எலுமிச்சைக் கேக்கைக் கடித்துக்கொண்டே, "ஆமாமா, முகத்துல எழுதி ஒட்டியிருக்கு" என்பாள்.

இந்த நார்வே பயணம் ஆர்டிஸின் ஆசை. அவளுடைய முன்னோர்கள் கப்பலேறிப் புறப்பட்ட கிராமத்தில், கடல் உள்ளே நுழைந்து மலைகளுக்கு நடுவில் நிற்கும் இடத்தில், வெள்ளை மரத்தாலான ஒரு ஓட்டல் உண்டு. அதன் படம் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பல வருடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதாவது கல்யாண நாளன்று, ஆகஸ்ட் எட்டாம் தேதி, அந்த ஓட்டல் பால்கனியில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஜனவரியில், ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெண்டெல் எல்லா ரூமும் போட்டார். இரண்டு பேருக்குத்தான் போட்டார். அவளுக்கு அப்போதே பேச்சு நின்றுவிட்டிருந்தது. போன் திரையைக் காட்டியபோது கண்ணை மட்டும் பெரிதாக்கி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று வெண்டெல் எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வெண்டெல் மட்டும் கிளம்பி வந்தார்.

"ஊர்ல திருவிழா சார், எங்கேயும் இடம் கிடைக்காது. நான் வேணா நாலு இடம் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம்மா. என் ரூமை நானே பாத்துக்குவேன்."

பார்த்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் போனில் ஒன்று அகப்பட்டது. 'நீரோரம், முழு அமைதி' என்று போட்டிருந்தது. பேருந்தில் போய், படகில் போய், மறுபடி பேருந்தில் போய் இறங்கினால், அது கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கான முகாம் மைதானத்தில் இருந்த ஒரு மரக் குடில். நீரும் இருந்தது, அமைதியும் இருந்தது. போர்வை மட்டும் இல்லை.

"படுக்கை விரிப்பெல்லாம் அவங்கவங்க கொண்டு வரணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?" என்றார் முகாம் காவலர்.

"மின்னசோட்டாவுல இருந்து போர்வை தூக்கிட்டு வருவாங்களாய்யா?"

"உங்க ஏஜென்ட் சொல்லியிருப்பாங்களே?"

வெண்டெல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள். ஆர்டிஸ் இருந்திருந்தால் மேல்கட்டிலில் யார் ஏறுவது என்று ஒரு சண்டை நடந்திருக்கும். சண்டை போட ஆளில்லாததால் கீழ்க்கட்டிலிலேயே கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தார். மழைக்கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். எழுபத்தைந்து வருடத்தில் இவ்வளவு தனியாக அவர் படுத்ததில்லை.

காலையில் காபி தொண்டைக்குள் இறங்கியதும் மூளை வேலை செய்தது. பெர்கனில் மாதத்தை முதலில் போட்டது தப்பு என்றால், மற்ற ஓட்டல்களுக்கும் அப்படித்தானே போட்டிருப்பார்? எல்லாமே தலைகீழ். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் வெண்டெலுக்கு உடம்பில் சூடு ஏறியது. மடமடவென்று எல்லா ரூமையும் ரத்து செய்தார். இனி தேதியை முதலில் போட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வெள்ளை ஓட்டலுக்கான கட்டத்தில் தேதியைத் தட்டினார். எட்டு. பிறகு மாதத்தைத் தட்டினார். எட்டு.

விரல் அப்படியே நின்றது.

எட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் எட்டுதான். அவர் போட்டதிலேயே சரியாக இருந்தது அந்த ஒரு ரூம்தான். அதையும் தன் கையாலேயே ரத்து செய்திருந்தார். திரையில் 'இடமில்லை' என்று வந்தது. பதறிப்போய் ஓட்டலுக்கே போன் செய்தார்.

"இப்பதான் சார், யாரோ ஒருத்தர் ரத்து பண்ணாரு. பண்ணின நிமிஷமே போயிடுச்சு" என்றது ஒரு குரல்.

"அந்த யாரோ நான்தாம்மா."

"அப்படியா! ரொம்ப நன்றி சார். ஒரு குடும்பம் வசந்தகாலத்துல இருந்து காத்துக்கிட்டிருந்தாங்க. உங்களை வாயார வாழ்த்தினாங்க."

வாழ்த்தை வாங்கிக்கொண்டு வெண்டெல் குடிலின் படியில் உட்கார்ந்தார். எதிரே மலையும் தண்ணீரும் படத்தில் இருந்தபடியே இருந்தன. அவருக்கு அழுகை வந்தது. சவ அடக்கத்தன்றுகூட, வந்தவர்களுக்கெல்லாம் ஹாம் சான்ட்விச் எடுத்துக் கொடுத்துக்கொண்டு விறைப்பாக நின்ற மனிதர், இப்போது முகாம் காவலர் பார்க்கப் பார்க்கத் தேம்பினார். ஆர்டிஸ் கேட்டது ஒரு வாய் காபி. அதைக்கூட அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை.

காவலர் ஓசைப்படாமல் ஒரு போர்வையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஊரில் கடை திறக்கும் நேரம் வரை காத்திருந்து, வெண்டெல் வாழ்க்கையில் முதல் முறையாக லவோனின் எண்ணை அழுத்தினார். அவள் சிரிப்பாள், சர்ச் முழுக்கச் சொல்லுவாள், எல்லாம் தெரிந்தும் அழுத்தினார்.

லவோன் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். "எங்கேயும் நகராதீங்க. எதையும் தொடாதீங்க. முக்கியமா அந்த போனைத் தொடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு காபி குடிக்கும் நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அந்த ஓட்டல்காரம்மா எனக்குப் பழக்கம்தான். அவங்க தங்கற மாடி ரூமை நாளைக்கு உங்களுக்கு ஒழிச்சுத் தராங்க. பால்கனி இருக்கு. காலையில படகுத்துறைக்கு வண்டி வரும், பேசாம ஏறி உட்காருங்க, போதும். வெண்டெல்... ஒருத்தருக்குன்னுதானே சொல்லணும்?"

"ஒருத்தருக்குத்தான்" என்றார் வெண்டெல். முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொல்கிறார்.

காவலர் வைத்துவிட்டுப் போன போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"லவோன், உங்களைப் பத்தி நான் என்னென்னமோ பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க."

"கீழ்த்தளத்துல நீங்க பேசறது மேல சர்ச் பீடம் வரைக்கும் கேக்கும். அதெல்லாம் பழகிப்போச்சு."

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. இத்தனை வருஷமா என் கையாலதான் போட்டேன். ஒண்ணுகூட தப்பினதில்ல. அவ போனதும் புத்தியே கலங்கிப்போச்சு போல. இனிமே நீங்களே பாருங்க. என்னைப் புது கஸ்டமர்னு சேத்துக்குங்க."

மறுமுனையில் லவோன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"புது கஸ்டமரா? நீங்க ரூம் போடற அன்னிக்கெல்லாம் ஆர்டிஸ் எனக்கு போன் பண்ணி, 'எங்க ஆளு மறுபடியும் தேதியை மாத்திப் போட்டுட்டாரு லவோன், சத்தமில்லாம சரி பண்ணிடு, தெரிஞ்சா முகம் வாடிப்போயிடும்'னு சொல்லுவா. இந்த ஒரு தடவைதான் வெண்டெல், அந்த போன் வரலை."